பாறைத்திட்டு அலையும் காற்றும்: வரும் நான்கு நாட்களில் எந்தக் காலையில் இறங்குவது?

அலைச்சறுக்குக்கு ஏற்ற நாளைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கரையிலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் தள்ளித் தென்மேற்கு நோக்கி அமைந்த ஒரு பாறைத்திட்டு. இடப்பக்கமாக உடைந்து ஓடும் அலை. அலை முடியும் இடத்தில் ஆழமான ஒரு கால்வாய். வரும் நாட்களுக்கான முன்கணிப்பு, தென்தென்மேற்கிலிருந்து வரும் ஸ்வெல்லுக்கு, அதாவது தொலைதூரப் புயலில் பிறந்து வரும் அலைகளுக்கு, இந்த உயரத்தையும் அலைக்காலத்தையும் தருகிறது: புதன் 0.9 மீட்டர், 17 விநாடி, வியாழன் 1.6 மீட்டர், 15 விநாடி, வெள்ளி 1.9 மீட்டர், 13 விநாடி, சனி 1.5 மீட்டர், 11 விநாடி. காற்றைப் பொறுத்தவரை, புதனும் வியாழனும் காலையில் வடகிழக்கிலிருந்து 6 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்), முற்பகல் முடியும்போது தென்மேற்குக்குத் திரும்பி 14 நாட். வெள்ளியன்று விடியலிலிருந்தே தெற்கிலிருந்து 16 நாட். சனிக்கிழமை காலை ஏறக்குறைய காற்றே இல்லை. பௌர்ணமி கழிந்து இரண்டு மூன்று நாட்களே ஆகியிருக்கும். வியாழனன்று தாழ் ஓதம் (கடல் மிகவும் வற்றியிருக்கும் நேரம்) காலை 5:15க்கு 0.3 மீட்டர், உயர் ஓதம் 11:25க்கு 1.5 மீட்டர். ஒரு நாள் மட்டுமே செல்ல முடியும் என்றால் எந்த நாள், அலை மிகப் பெரிதாக இருக்கும் வெள்ளிக்கிழமைதானே என்பது கேள்வி.

வெள்ளிக்கிழமை வேண்டாம். வியாழக்கிழமை காலை சுமார் 7:15 முதல் 10:30 வரை உள்ள நேரம்தான் இந்த நான்கு நாட்களில் சிறந்தது. அது கிடைக்காவிட்டால் சனிக்கிழமை காலை 9 மணிக்கு மேல் செல்லலாம். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது; ஏனென்றால், மணல் அடித்தளம் கொண்ட கடற்கரைகளில் பழகியவர்கள் முன்கணிப்பில் முதலில் பார்ப்பது அலை உயரம், ஆனால் பாறைத்திட்டில் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண்.

மணல் கடற்கரையில் அடித்தளம் நகர்ந்துகொண்டே இருக்கும். போன வாரம் நன்றாக உடைந்த இடத்தில் இந்த வாரம் ஒன்றுமே இராது. பாறைத்திட்டின் அடித்தளமோ ஆண்டுக்கணக்கில் அப்படியே இருப்பது. அதனால் அந்த இடத்துக்கென்று ஒரு நிலையான விருப்பப் பட்டியல் உண்டு: இந்தத் திசை, இந்த அலைக்காலம், இந்த அளவு நீர்மட்டம், இந்தப் பக்கத்துக் காற்று. நான்கும் ஒன்றாகக் கூடும்போது அலை அச்சில் வார்த்ததுபோல் ஒரே விதமாக வந்து உடையும். அவற்றில் ஒன்று தவறினாலும், எத்தனை மீட்டர் ஸ்வெல் இருந்தும் பயனில்லாமல் போகும். ஆகவே முன்கணிப்பைப் படிப்பது என்பது, அந்த நான்கும் எந்த மணி நேரத்தில் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன என்று தேடுவதுதான்.

அலைக்காலத்திலிருந்து தொடங்குவோம். ஒரு முகடு கடந்த பிறகு அடுத்த முகடு அதே புள்ளியைக் கடக்க ஆகும் விநாடிகள்தான் அலைக்காலம். ஆழ்கடலில் அலையின் நீளம், அலைக்காலத்தின் வர்க்கத்தை 1.56ஆல் பெருக்கினால் வரும் மீட்டர் அளவு. 8 விநாடி அலைக்கு அது 100 மீட்டர். 15 விநாடி அலைக்கு 351 மீட்டர். அலை தன் நீளத்தில் பாதி அளவு ஆழத்துக்கு வரும்போது கடலடியை உணரத் தொடங்கும் என்பதால், 8 விநாடி அலை 50 மீட்டர் ஆழம் வரை தரையைப் பற்றிக் கவலைப்படாமல் வரும்; 15 விநாடி அலையோ 175 மீட்டர் ஆழத்திலேயே தரையைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு அலையின் வேகம் குறைய, நீளம் சுருங்க, உயரம் எழும். நீண்ட அலைக்காலம் கொண்ட ஸ்வெல், அட்டவணையில் காட்டிய உயரத்தை விட மிகப் பெரிதாகப் பாறைத்திட்டில் எழுந்து நிற்பதற்கு இதுவே காரணம்.

எவ்வளவு பெரிது என்பதைத் தோராயமாகக் கணக்கிட, 1972இல் கோமர், காகன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தந்த ஒரு வாய்ப்பாடு இன்றும் பயன்படுகிறது. அதன்படி புதன்கிழமையின் 0.9 மீட்டர், 17 விநாடி ஸ்வெல் உடையும்போது சுமார் 1.75 மீட்டர் உயரம் எடுக்கும். அதாவது அட்டவணையில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. வியாழனின் 1.6 மீட்டர் 2.65 மீட்டர் ஆகும். வெள்ளியின் 1.9 மீட்டர் 2.85 மீட்டரைத் தொடும். சனியின் 1.5 மீட்டருக்கு 2.2 மீட்டர். இதே 1.6 மீட்டர் ஸ்வெல் 8 விநாடி அலைக்காலத்தோடு வந்திருந்தால் இரண்டு மீட்டரைச் சற்றுத் தாண்டியதோடு நின்றிருக்கும். வியாழனுக்கும் வெள்ளிக்கும் இடையில் உடையும் உயரத்தில் இருக்கும் வித்தியாசம் ஒரு சாண் என்பதைக் கவனியுங்கள். அந்த ஒரு சாணுக்காகத்தான் பலர் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்த எண்கள் சீராகச் சரியும் ஒரு தளத்துக்கானவை. பாறைத்திட்டின் குவிந்த முனை அலையைத் தன் பக்கம் வளைத்துக் குவிக்கும், பக்கத்துக் கால்வாய் அதைச் சிதறடிக்கும் என்பதால், ஒரே நேரத்தில் முனையில் மூன்று மீட்டராகவும் நூறு மீட்டர் தள்ளிக் கால்வாயில் வெறும் ஏற்ற இறக்கமாகவும் இருப்பது இயல்பு. கால்வாய் வழியாக நனையாமல் உள்ளே செல்ல முடிவது இதனால்தான். மேலும், அட்டவணையில் தரப்படும் உயரம் 'குறிப்பு உயரம்' எனப்படும் அளவு. அதாவது வரும் அலைகளில் மிகப் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. சில மணி நேரத்தில் ஏறக்குறைய ஆயிரம் அலைகள் கடக்கும் என்றால், அவற்றில் ஒன்றாவது அந்த அளவைப்போல 1.8 மடங்குக்கு மேல் இருக்க வேண்டும் என்பது புள்ளியியல். 1.6 மீட்டர் என்று எழுதியிருக்கும் நாளில் மூன்று மீட்டரை நெருங்கும் ஓர் அலை ஆழ்கடலிலிருந்து புறப்பட்டு வரும். அது பாறைத்திட்டில் எழும்போது இன்னும் பெரிதாக இருக்கும். நீங்கள் எங்கே அமர்ந்து காத்திருக்கிறீர்கள் என்பதை முடிவு செய்ய வேண்டியது சராசரி அலை அல்ல, அந்த ஒற்றை அலை. வெவ்வேறு ஊர்க்காரர்கள் சொல்லும் உயரத்தை நம்பும்போதும் எச்சரிக்கை தேவை: ஹவாயில் மரபாக அலையின் பின்புறத்தை வைத்து அளவு சொல்வதால், அங்கே சொல்லும் எண் முன்முகத்தின் உயரத்தில் கிட்டத்தட்டப் பாதியாகவே இருக்கும்.

இனி, இந்த நான்கு நாட்களின் வரிசை ஏன் 17, 15, 13, 11 என்று இறங்குகிறது? தற்செயல் அல்ல. ஆழ்கடலில் அலைக்கூட்டத்தின் வேகம் அலைக்காலத்தைப் பொறுத்தது; விநாடியில் 0.78ஐ அலைக்காலத்தால் பெருக்கிய மீட்டர். 17 விநாடி அலைகள் மணிக்குச் சுமார் 48 கிலோமீட்டர் வேகத்தில் வரும். 13 விநாடி அலைகள் சுமார் 36 கிலோமீட்டர். ஒரே புயலில் பிறந்தவை வழியில் வேகத்துக்கு ஏற்பப் பிரிந்து, நீண்டவை முதலிலும் குறுகியவை பின்னாலும் வந்துசேரும். 17 விநாடி அலைக்கும் 13 விநாடி அலைக்கும் இடையே இரண்டு நாள் இடைவெளி இருக்கிறது என்றால், கணக்குப் போட்டுப் பார்க்கையில் புயல் ஏறத்தாழ 7000 கிலோமீட்டர் தொலைவில் இருந்திருக்க வேண்டும் என்று தெரிகிறது. தெற்குப் பெருங்கடலின் தாழ்வழுத்தம் ஒன்று என்று ஊகிக்கலாம். அந்தத் தொலைவை 17 விநாடி அலைகள் கடக்க ஆறு நாட்களுக்குச் சற்று மேல் ஆகும். ஆக, புதன்கிழமை வரும் அலைகள் முந்தைய வியாழனையொட்டியே புறப்பட்டுவிட்டன.

இந்தச் செய்திக்கு ஒரு பெரிய பயன் உண்டு. ஸ்வெல்லைப் பற்றிய முன்கணிப்பு ஏற்கெனவே நடந்து முடிந்த ஒரு புயலைப் பற்றியது. செயற்கைக்கோள்களின் உயரமானிகளும் கடலில் மிதக்கும் அளவீட்டு மிதவைகளும் அந்த அலைகளை வழியிலேயே அளந்திருக்கக்கூடும். வெள்ளிக்கிழமை வீசப்போகும் காற்றோ இன்னும் பிறக்கவேயில்லை. ஆகவே ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் இரண்டு எண்களையும் சமமாக நம்பக் கூடாது. ஸ்வெல்லின் உயரத்தில் கால்பங்கு பிசகலாம், வருகை சில மணி நேரம் முன்பின்னாகலாம், ஆனால் அது வரும். காற்றின் திசையும் வலிமையும் நான்கு நாள் முன்னதாகச் சொல்லப்படும்போது பாதி நேரம் ஊகம்தான். அலையை வைத்து நாளைத் தோராயமாகக் குறித்துக்கொண்டு, காற்றை வைத்து முந்தைய இரவில் முடிவெடுப்பதே சரியான வரிசை.

தொலைதூரப் புயலிலிருந்து அலை வருவதை முறையாகக் கணிக்கும் கலை, இரண்டாம் உலகப் போரின்போது கடலியலாளர்களான ஸ்வெர்ட்ரப், வால்டர் மங்க் இருவரும் படைகள் கரையிறங்குவதற்காக உருவாக்கிய முறைகளிலிருந்து வளர்ந்தது. 1944இல் நார்மண்டி தரையிறக்கத்துக்கும் அம்முறை பயன்பட்டது. 1963இல் மங்க் குழுவினர் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை பசிபிக்கின் குறுக்கே அளவீட்டு நிலையங்களை அமைத்து, தெற்குப் பெருங்கடல் புயல்களின் ஸ்வெல் அத்தனை தூரத்தையும் கடந்து வருவதைப் பின்தொடர்ந்தனர். புயல் பகுதியைத் தாண்டிய பிறகு அந்த அலைகள் வழியில் மிகக் குறைந்த ஆற்றலையே இழந்தன என்பது அதில் கிடைத்த முக்கியமான முடிவு. உள்ளூரில் காற்றே இல்லாத நாளில் கடல் திடீரெனப் பொங்கிக் கரையேறும் கள்ளக்கடல் நிகழ்வும் இதே வகை நீண்ட ஸ்வெல்லால் வருவதுதான்.

இந்தப் பின்னணியோடு புதன்கிழமையைப் பாருங்கள். அட்டவணையில் மிகச் சாதுவான நாள் அது. ஆனால் புதியவர்களை ஏமாற்றும் நாளும் அதுதான். ஸ்வெல்லின் முன்னோடி அலைகள் மட்டும் வந்திருக்கும். அவை செட்டாக, அதாவது மூன்று முதல் ஐந்து அலைகள் கொண்ட கூட்டமாக வந்துவிட்டு, பிறகு இருபது நிமிடமோ அரை மணி நேரமோ ஒன்றுமே இல்லாமல் கிடக்கும். கரையில் வந்து நின்று பத்து நிமிடம் பார்ப்பவர் கடல் குளம்போல இருக்கிறது என்று நினைத்து அச்சமில்லாமல் பாறைத்திட்டின் மேலேயே நீந்திச் செல்வார். பாதி வழியில் செட் வந்து அவரைத் திட்டின் ஆழமற்ற பகுதியில் பிடித்துக்கொள்ளும். புதன்கிழமை போவதாக இருந்தால் குறைந்தது அரை மணி நேரமாவது பார்த்துவிட்டு, கால்வாய் வழியாக மட்டுமே உள்ளே செல்லுங்கள். அலைகள் கிடைக்கும், ஆனால் எண்ணிக்கையில் மிகக் குறைவாகவே கிடைக்கும்.

திசையைப் பற்றி அட்டவணை தரும் தகவல் 'தென்தென்மேற்கு' என்ற ஒற்றைச் சொல்தான், அது 202.5 பாகையைக் குறிக்கும், ஆனால் இருபுறமும் பதினோரு பாகை வரை இந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடும். பாறைத்திட்டுக்குப் பத்து பாகை என்பது பெரிய வித்தியாசம். உலகின் மிகப் பெயர்பெற்ற பாறைத்திட்டு அலையான ஹவாயின் பைப்லைனில் மேற்கு, மேற்குவடமேற்கிலிருந்து வரும் ஸ்வெல் இடப்பக்கமாக நீண்டு ஓடும். அதே அளவு ஸ்வெல் இன்னும் வடக்கே சாய்ந்து வந்தால், அதே முகட்டின் வலப்பக்கமான பேக்டோர் உயிர்பெறும். உங்கள் திட்டைப் பொறுத்தவரை, தென்மேற்கு நோக்கிய ஒரு விளிம்பில் தெற்கே சாய்ந்து வரும் ஸ்வெல் கோணமாக மோதுவதால், அலை திட்டின் நீளம் முழுவதும் படிப்படியாக அவிழ்ந்து ஓடும். நேர் தென்மேற்காக, அதாவது 225 பாகையில் வந்தால் விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் மடிந்து விழும் வாய்ப்பு அதிகம். ஆகவே சொல்லை விட்டுவிட்டுப் பாகை அளவைத் தரும் அட்டவணையைத் தேடிப் பாருங்கள். 195 முதல் 210 வரை இருந்தால் மகிழ்ச்சி, 220ஐத் தாண்டினால் உயரத்தை மறந்துவிட்டு இன்னொரு நாளைப் பாருங்கள். இந்த எல்லைகள் நீங்கள் தந்த விவரத்திலிருந்து நான் ஊகித்தவை. அங்கே பல பருவங்களாக இறங்குபவர் ஒருவரின் சொல் இதைவிட உயர்ந்தது.

காற்றுக்கு வருவோம். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று அலையின் முகத்தை எதிர்கொண்டு தாங்கிப் பிடிப்பதால், முகடு விழுவது தாமதமாகிறது. அலை இன்னும் ஆழம் குறைந்த இடத்துக்கு வந்து, செங்குத்தாக நின்று, குழல்போல உடைகிறது. கடலிலிருந்து கரையை நோக்கி வீசும் காற்று முகட்டைப் பின்னாலிருந்து தள்ளுவதால், அலை வெளியிலேயே நுரைத்துச் சரிந்துவிடுகிறது. உங்கள் திட்டு தென்மேற்கு நோக்கியது என்பதால் வடகிழக்குக் காற்று முதல் வகை, தென்மேற்கும் தெற்கும் இரண்டாம் வகை. வலிமையும் முக்கியம்: 5 நாட்டுக்குக் கீழே நீர்ப்பரப்பு எண்ணெய் ஊற்றியதுபோல இருக்கும், கரைப்பக்கக் காற்று 5 முதல் 12 நாட் வரை மிகவும் இதமானது, 15ஐத் தாண்டினால் அலையைப் பிடிக்கத் துடுப்பிடும்போது பலகையின் அடியில் காற்று புகுந்து பின்னுக்குத் தள்ளும், முகட்டிலிருந்து சிதறும் நீர்த்துளி கண்ணை மறைக்கும். கடற்பக்கக் காற்றுக்கு இத்தகைய இடம் கொடுக்கவே முடியாது. காற்றின் வலிமையைக் குறிக்கும் போஃபோர்ட் அளவுகோலின் நான்காம் நிலையான 11 முதல் 16 நாட் வரையிலேயே கடலெங்கும் வெண்ணுரை பூத்துவிடும்.

உங்கள் அட்டவணையில் இரண்டு விதமான தென்பக்கக் காற்று இருக்கிறது; இவற்றைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கேள்வியின் மையம் என்று நினைக்கிறேன். புதனும் வியாழனும் முற்பகலில் திரும்பும் தென்மேற்குக் காற்று நிலம் சூடேறுவதால் வரும் அன்றாடக் கடற்காற்று. இரவில் நிலம் குளிர்ந்து கரைப்பக்கக் காற்று வீசும். சூரியன் ஏற ஏற அது தளர்ந்து, சற்று நேரம் அசையாமல் நின்று, பிறகு கடலிலிருந்து வீசத் தொடங்கும். அதற்குக் காலையில் நிச்சயம் ஓர் இடைவெளி உண்டு. வெள்ளியன்று விடியலிலிருந்தே 16 நாட் என்று போட்டிருப்பது அப்படிப்பட்டதல்ல. ஏதோ ஓர் அழுத்த அமைப்பு அந்தப் பகுதியைக் கடக்கிறது, அதனால் இரவு பகல் பேதமின்றிக் காற்று வீசும், காலை இடைவெளி இராது. அத்தோடு அந்தக் காற்று தானே ஒரு மீட்டர் உயரத்தில் ஐந்து விநாடிக் குறுகிய அலைகளை எழுப்பி, நல்ல ஸ்வெல்லின் மேல் போட்டுக் கலக்கும். 1.9 மீட்டர் ஸ்வெல்லும் 1 மீட்டர் காற்றலையும் சேர்ந்தால் மொத்த உயரம் 2.9 ஆகாது, வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 2.15 மீட்டர்தான் வரும். சில முன்கணிப்புகள் இந்த மொத்த உயரத்தை மட்டுமே பெரிய எழுத்தில் காட்டுவதால், வெள்ளிக்கிழமை இன்னும் கவர்ச்சியாகத் தெரியும். ஸ்வெல், காற்றலை இரண்டையும் தனித்தனியாகக் காட்டும் அட்டவணையையே பாருங்கள்.

பெரிய அலையும் பொருந்தாத காற்றும் சேரும்போது என்ன செய்வது என்பதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு 2024 பாரிஸ் ஒலிம்பிக். அலைச்சறுக்குப் போட்டி டஹிட்டித் தீவின் தியாஹுபோ பாறைத்திட்டில் நடந்தது. ஜூலை 27 அன்று தொடங்கிய போட்டி, ஜூலை 29இல் மிகச் சிறந்த பெரிய அலைகளைக் கண்டது. அதற்கடுத்து நிலைமை சரியில்லாத நாட்களில் போட்டியை நிறுத்தி நிறுத்தி நடத்தி, ஆகஸ்ட் 5இல்தான் முடித்தார்கள். உலகின் மிகச் சிறந்த சறுக்குவீரர்கள், மீட்பு வண்டிகள், மருத்துவர்கள் எல்லோரும் கையருகே இருந்தும் காத்திருக்கத்தான் செய்தார்கள்.

காற்று முன்கணிப்பின் இன்னொரு பலவீனத்தையும் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் என்ற வானிலைக் கணினி மாதிரி நாளுக்கு நான்கு முறை கணக்கிடப்பட்டு, ஏறத்தாழ 28 கிலோமீட்டர் அகலக் கட்டங்களாக வெளியிடப்படுகிறது. அந்த ஒரே கட்டத்துக்குள் உங்கள் கரை, அதன் பின்னால் உள்ள குன்று, 400 மீட்டர் தள்ளியுள்ள திட்டு எல்லாம் அடங்கிவிடும். கடற்காற்று எத்தனை மணிக்குத் திரும்பும் என்று அது சொல்வது, அந்தக் கரைக்குப் பொதுவான ஒரு மதிப்பீடு. மேகமூட்டமோ இரவு மழையோ இருந்தால் நிலம் சூடேறத் தாமதமாகி, கடற்காற்று ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ தள்ளிப்போகும். சுட்டெரிக்கும் தெளிந்த வானம் என்றால் பத்து மணிக்கே வந்துவிடும். ஜிஎஃப்எஸ் சொல்வதையும் ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரி சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வெள்ளியன்று தெற்கு என்றால் அதைப் பெரும்பாலும் நம்பலாம். ஒன்று தெற்கு என்றும் இன்னொன்று கிழக்கு என்றும் சொன்னால், அந்த அழுத்த அமைப்பு எந்த வழியாகச் செல்லும் என்பது இன்னும் முடிவாகவில்லை என்று பொருள்.

கடைசியாக ஓதம். வியாழனன்று 0.3க்கும் 1.5க்கும் இடையே 1.2 மீட்டர் வித்தியாசம். பன்னிரண்டில் ஒரு பங்கு என்ற பழைய மாலுமி விதிப்படி, ஏற்றத்தின் முதல் மணி நேரத்தில் ஒரு பங்கும், இரண்டாவதில் இரண்டும், மூன்றாவது, நான்காவதில் மும்மூன்றும், பிறகு இரண்டும் ஒன்றுமாக நீர் ஏறும். ஆகவே 6:15க்கு 0.4 மீட்டர், 7:15க்கு 0.6, 8:20க்கு 0.9, 9:20க்கு 1.2 மீட்டர் என்று எதிர்பார்க்கலாம். திட்டின் உட்பகுதி, ஓத அட்டவணையின் பூச்சிய மட்டத்துக்கு வெறும் அரை மீட்டர் கீழே இருப்பதாக நீங்கள் சொல்கிறீர்கள். அப்படியானால் விடியலில் அங்கே 80 சென்டிமீட்டர் நீர்தான் இருக்கும். அலை எழும்போது முன்னால் உள்ள நீரை உறிஞ்சிக்கொள்வதால் அதிலும் குறைந்து பாறை தலைகாட்டும். 8:20க்கு 1.4 மீட்டர் என்பது விழுந்தாலும் எழுந்து வரத்தக்க ஆழம். ஓர் அலை, தன் உயரம் நீரின் ஆழத்தில் ஏறத்தாழ 0.78 பங்கை எட்டும்போது உடையும் என்பது பொதுவான கணக்கு. செங்குத்தான பாறை விளிம்பில் ஆழத்துக்குச் சமமான உயரத்தையும் தாண்டிய பிறகே மடியும். அதனால்தான் பாறைத்திட்டில் அலை தன்னைவிட ஆழம் குறைந்த நீரில் விழுகிறது. நீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தையே தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கும் இதுதான் காரணம்: ஏறும் நீரில் நேரம் போகப் போக நிலைமை பாதுகாப்பாகிறது, வற்றும் நீரில் நீங்கள் கவனிக்காத நேரத்தில் ஆபத்தாகிறது.

எல்லா ஊரிலும் ஓதம் இவ்வளவு முக்கியமல்ல. டஹிட்டியில் ஏற்றமும் வற்றமும் சுமார் ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும். சந்திரனின் பங்கு அங்கே மிகச் சிறியதாக இருப்பதால், நாள்தோறும் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டியே உயர் ஓதம் வருகிறது. உங்கள் இடத்தில் அப்படி இல்லை. பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் என்பதால் ஏற்ற இறக்கம் பெரிது. இதே ஸ்வெல் அட்டமியை ஒட்டி வந்திருந்தால் நீர்மட்டம் நாள் முழுவதும் நடுத்தரமாகவே இருந்து, காற்றை மட்டும் பார்த்தால் போதுமானதாக இருந்திருக்கும். ஓத நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால், சனியன்று தாழ் ஓதம் 6:50ஐ ஒட்டியும் உயர் ஓதம் ஒரு மணியை ஒட்டியும் வரும். போதிய நீர் சேர 9 மணி ஆகிவிடும். காற்றில்லாத காலை என்று போட்டிருப்பதால் 9 முதல் 11 வரை இரண்டு மணி நேரம் கிடைக்கலாம். முந்தைய நாளின் காற்றலை முழுவதும் அடங்கியிராது. 11 விநாடி அலையில் முன்னிரு நாட்களின் வீரியமும் இராது. ஆனால் செட்டுகளுக்கிடையே காத்திருப்பு குறையும், அலைகள் எண்ணிக்கையில் அதிகமாக வரும். உங்கள் குழுவில் பாறைத்திட்டுக்குப் புதியவர்கள் இருந்தால் அவர்களுக்குச் சனிக்கிழமையே பொருத்தம் என்றுகூடச் சொல்வேன்.

நீரோட்டத்தைப் பற்றி ஒரு சொல். ஒவ்வொரு செட்டும் திட்டின் மேல் நீரைக் குவித்துவிட்டுப் போகிறது. அந்த நீர் கால்வாய் வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும். வியாழன் அளவு ஸ்வெல்லில் அந்த ஓட்டம் வலுவாக இருக்கும். உள்ளே செல்லும்போது அது உதவி. திரும்பி வரும்போது அதை எதிர்த்துத் துடுப்பிடக் கூடாது. திட்டின் மறுகோடி வரை பக்கவாட்டில் சென்று, நுரை அலைகளோடு கரைக்கு வாருங்கள், ஆனால் அதற்கும் நீர்மட்டம் ஒரு மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். விழும்போது தலைகீழாகப் பாயாமல் உடலைப் பரப்பித் தட்டையாக விழுவது, தலையைக் கைகளால் மூடிக்கொள்வது, காலில் ரீஃப் பூட்ஸ் அணிவது எல்லாம் நீங்கள் அறிந்தவையே. பவளம் கீறிய காயத்தைச் சிறிது என்று விட்டுவிடாமல் அன்றே நன்னீரில் தேய்த்துக் கழுவுங்கள். உள்ளே தங்கும் துணுக்குகளால் அது வாரக்கணக்கில் ஆறாமல் கிடக்கும்.

புதன்கிழமை மாலை மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். கடலுக்குள் அருகில் ஏதாவது அளவீட்டு மிதவை இருந்தால், 17 விநாடி அலைகள் அதில் பதிவாகத் தொடங்கிவிட்டனவா என்று பாருங்கள். 200 கிலோமீட்டர் தள்ளியுள்ள மிதவை உங்களுக்கு நான்கு மணி நேர முன்னறிவிப்பைத் தரும். புதனன்று கடற்காற்று உண்மையில் எத்தனை மணிக்குத் திரும்பியது என்று குறித்துக்கொள்ளுங்கள்; வானம் அதேபோல இருந்தால் வியாழனும் அதையொட்டியே திரும்பும், எந்த மாதிரியையும் விட அது நம்பத்தக்கது. வெள்ளிக்குரிய தென்காற்று வியாழன் பகலுக்கே முந்திக்கொண்டு வருகிறதா என்பதை இரவு கணிப்பில் பாருங்கள்; அப்படி முந்தினால் 6:45க்கே கால்வாயின் ஓரத்தில் போய் அமர்ந்து, உட்பகுதியில் நீர் சேரும் வரை வெளிமுனையில் உடையும் அலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, 9 மணிக்கு முன்பே வெளியேறிவிடுவது நல்லது.